கணினிக் கேள்வி–பதில்: பிராசசர் எவ்வளவு சூடாகலாம்?

மேசைக் கணினியின் பிராசசர் சூடாவதைப் பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால், அவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, புதிதாக வாங்கிய மேசைக் கணினியில் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் 92, 93 என்று ஏறி 95 டிகிரியில் போய் நிற்கிறது. பயந்துபோய் வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். பிராசசர் கருகிவிடுமா? எத்தனை டிகிரி வரை பாதுகாப்பானது?

பதில்: எக்ஸ்போர்ட்டைப் பாதியில் நிறுத்துவதை முதலில் விட்டுவிடுங்கள், அதற்கு அவசியமே இல்லை. இன்றைய பிராசசர் தன் வெப்பநிலையைத் தானே இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் வகுத்த உச்ச வரம்பைத் தொட்டதும் வேகத்தையும் வோல்டேஜையும் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் சூடு அடங்காமல் மேலே போனால் கணினியையே அணைத்துவிடுகிறது. எனவே சரியாக இயங்கும் கணினியில் பிராசசர் திடீரென்று கருகிப்போவது என்பது இன்று மிக அரிது.

அந்த உச்ச வரம்பு எல்லா மாடல்களுக்கும் ஒன்றல்ல. இன்டெல் கோர் வரிசையின் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி. அதே வரிசையில், அடிக்கடி தேவைப்படும் தரவைப் பிராசசருக்குள்ளேயே வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தைக் கூடுதல் அடுக்காகப் பெற்ற 7800எக்ஸ்3டி மாடலுக்கோ 89 டிகிரிதான். நண்பரின் கணினியில் இயல்பாக இருக்கும் எண் உங்கள் கணினியிலும் இயல்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் உங்கள் வரம்பை ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணினி 95-இல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ரைசன் 7000 வரிசையின் அதிவேக மாடல்களில் ஒன்றாக இருந்தால், அதன் வடிவமைப்பே அப்படித்தான். 2022-இல் அந்த வரிசை வெளிவந்தபோதே, முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று, அந்த வரம்புக்குள் கிடைக்கும் அதிகபட்ச வேகத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறோம் என்று ஏ.எம்.டி. தெளிவாகச் சொல்லியிருந்தது. அதன் கோர்கள், அதாவது கணக்கீடுகளைச் செய்யும் பகுதிகள், அமர்ந்திருக்கும் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறத்தாழ 71 சதுர மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து நூறு வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், பிராசசரின் மேல் எவ்வளவு பெரிய கூலரை (குளிர்விக்கும் கருவியை) பொருத்தினாலும் எண் ஓரளவுக்குமேல் இறங்குவதில்லை.

வெப்பநிலையை மட்டும் தனியே பார்த்துப் பயப்படுவதைவிட, அதனருகே பிராசசரின் வேகத்தையும் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். வரம்பைத் தொட்டபடியே, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை வேகத்துக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தால் கணினி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். வரம்பைத் தொட்டு, வேகமும் அடிப்படை அளவுக்குக் கீழே சரிந்தால், சிலிக்கானிலிருந்து அறைக் காற்று வரை வெப்பம் போகும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. முன்பு 75-இல் நின்ற கணினி அதே வேலைக்கு இப்போது 95-க்குப் போகிறது என்றாலும் அப்படித்தான். அடைப்பு எங்கே என்பதை ஏறும் விதத்தை வைத்தே பெரும்பாலும் ஊகிக்கலாம். சுமை கொடுத்த ஓரிரு நொடியில் உச்சிக்குத் தாவினால் பிராசசரும் கூலரும் ஒட்டும் இடத்தைச் சந்தேகியுங்கள். பத்து, பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் சூடான காற்று தேங்குகிறது.

நீண்ட நேரச் சுமையில் 85 டிகிரிக்குள் நிற்பது எனக்கு மனநிறைவு தரும் அளவு. அது என் விருப்பம், விதி அல்ல.

கேள்வி: எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போதே 40 டிகிரியிலிருந்து 60-க்குத் தாவுகிறது, அடுத்த நொடி இறங்கிவிடுகிறது. அதற்கேற்ப விசிறியும் உறுமி உறுமி அடங்குகிறது. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ஒரு பிரௌசர் பக்கத்தைத் திறந்தாலும், பின்னணியில் ஏதேனும் ஒரு மென்பொருள் அப்டேட் தேடினாலும், பிராசசர் ஒரேயொரு கோரை உச்ச வேகத்துக்கும் உயர்ந்த வோல்டேஜுக்கும் கொண்டுபோய் அந்த வேலையைச் சட்டென முடிக்கப் பார்க்கிறது. வெப்பமானி அந்தக் கோருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தாவல் அப்படியே திரையில் தெரிகிறது. கூலரின் உலோகமோ அதற்குள் கால் டிகிரிகூட ஏறியிருக்காது.

விசிறியின் உறுமலை பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், சரிசெய்துவிடலாம். விசிறி வேகத்துக்கான வளைகோட்டில் 60 டிகிரி வரை ஒரே சீரான குறைந்த வேகத்தையும் அதற்குமேல் படிப்படியான ஏற்றத்தையும் வையுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் விசிறி எத்தனை நொடி தாமதித்து வேகம் மாற வேண்டும் என்று குறிப்பிடும் வசதியும் உண்டு. அதில் சில நொடிகள் கொடுத்தால் போதும்.

கேள்வி: கோடைக் காலத்தில் மட்டும் பிராசசர் பத்து டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்திருக்கிறேன். இது சரியா?

பதில்: காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் எந்தக் கூலரும் பிராசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கும் பிராசசருக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் அதனால் ஆகக்கூடியது. 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் கணினி, 35 டிகிரி அறையில் அதே வேலைக்கு 80-ஐ ஒட்டிக் காட்டும். சூடேற ஏற சிலிக்கானில் கசியும் மின்னோட்டமும் கூடுவதால், உண்மையில் அதைவிடச் சற்று அதிகமாகவே காட்டக்கூடும். ஆகவே உங்கள் பத்து டிகிரி கோடை தந்தது, கணினி கெட்டுப்போகவில்லை. வெப்பநிலையைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைய அறை வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிவைத்தால்தான் அந்தக் குறிப்பு பின்னால் பயன்படும்.

மூடியைக் கழற்றுவது நல்ல சோதனை, ஆனால் நிரந்தர ஏற்பாடாக வேண்டாம். கழற்றியதும் ஐந்து டிகிரிக்குமேல் இறங்கினால் கேபினெட்டுக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஓரிரு டிகிரிதான் இறங்கினால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். திறந்தே வைத்தால் தூசி நேராக உள்ளே இறங்குவதோடு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டிய காற்றும் திசை கலைந்துவிடும்.

முன்புற விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்புறமும் மேற்புறமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். விசிறியின் சட்டத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டாலும் கவலையில்லை: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். பின்புற விசிறியைத் திருப்பிப் பொருத்திவிட்டு மாதக் கணக்கில் பிராசசரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபினெட்டின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூன்று பக்கமும் அடைத்த மேசைப் பெட்டிக்குள் கணினியை வைத்தால், வெளியேற்றிய சூட்டையே அது மீண்டும் உள்ளிழுக்கும்.

கேள்வி: தெர்மல் பேஸ்ட்டை எவ்வளவு தடவ வேண்டும்? ஆண்டுதோறும் மாற்ற வேண்டுமா? அவசரத்துக்குப் பற்பசை தடவலாம் என்கிறார்களே?

பதில்: தெர்மல் பேஸ்ட் எதற்காக என்பது புரிந்துவிட்டால் அளவும் தானாகவே புரிந்துவிடும். பிராசசரின் மேல்மூடியும் கூலரின் அடிப்பகுதியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் அழுத்தி வைத்தால் அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றின் வெப்பம் கடத்தும் திறன், மீட்டருக்கும் கெல்வினுக்கும் இத்தனை வாட் என்ற அலகில், சுமார் 0.026. செம்புக்கு அது ஏறத்தாழ 400. நல்ல பேஸ்ட்டுக்குப் பத்தை ஒட்டி இருக்கலாம். அதாவது பேஸ்ட் காற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மேல், ஆனால் செம்போடு ஒப்பிட்டால் மிகவும் கீழ். எனவே பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மட்டும் அது இருக்க வேண்டும். உலோகம் உலோகத்தை நெருங்கவிடாமல் தடுக்கும் கனத்த படலமாகிவிடக் கூடாது. நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்துக் கூலரை நேராக இறக்கினால் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். மேல்மூடி அகலமான பிராசசர் என்றால் சற்றே கூடுதலாக வைக்கலாம். பேஸ்ட் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஓரத்தில் பிதுங்குமே தவிர பெரிய கேடு வராது, குறைந்துபோவதுதான் மோசம்.

அளவைவிட அழுத்தமும் ஒட்டுதலும் முக்கியம் என்பதை என் உறவினர் ஒருவரின் கணினி எனக்குக் காட்டிக்கொடுத்தது. நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஊசிகளை மதர்போர்டின் துளைகளில் அழுத்திப் பொருத்தும் வகைக் கூலர் அது. கணினியைத் திறந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. விசிறி சுற்றியது, தூசியும் இல்லை. கூலரை விரலால் லேசாக அசைத்தபோது ஒரு மூலை மட்டும் முணுக்கென்று ஆடியது. மதர்போர்டின் பின்பக்கத்தை விளக்கொளியில் பார்த்தேன். மூன்று துளைகளில் ஊசியின் பிளந்த முனை விரிந்து பிடித்திருந்தது. நான்காவதில் பாதி மட்டுமே எட்டிப் பார்த்தது. கூலரைக் கழற்றியதும் பேஸ்ட்டே கதையைச் சொல்லிவிட்டது. மூன்று மூலைகளில் அது காகிதம்போல மெலிந்து பரவியிருக்க, நான்காவது மூலையில் டியூபிலிருந்து வந்த வடிவம் குலையாமல் திட்டாகக் கிடந்தது. பழையதைத் துடைத்து, புதிதாக வைத்து, ஊசிகளை எதிரெதிர் மூலைகளாக ஒவ்வொன்றும் டிக்கென்று விழும்வரை அழுத்தினேன். அதே வேலைக்கு 98-இல் நின்ற எண் 71-க்கு வந்தது. திருகுகளால் பொருத்தும் கூலருக்கும் இதே முறைதான்: ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகச் சில சுற்றுகளாக முறுக்கிக்கொண்டே வர வேண்டும். புதிய கூலராக இருந்தால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் பாருங்கள். மறப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பேஸ்ட் பல ஆண்டுகள் தாங்கும். ஒரே அறை வெப்பநிலையில், ஒரே வேலைக்கு, முன்பைவிட எண் தெளிவாகக் கூடியிருந்தால் மாற்றுங்கள்; எந்தக் காரணத்துக்காகக் கூலரைக் கழற்றினாலும் கட்டாயம் மாற்றுங்கள். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு துடைக்கலாம். ரைசன் 5000 போன்ற ஏ.எம்.4 சாக்கெட் பிராசசர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றின் ஊசிகள் பிராசசரிலேயே இருப்பதால், இறுகிப்போன பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும், அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கியபின், கூலரை இடம் வலமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள்.

பற்பசை வேண்டவே வேண்டாம். அதில் உள்ள நீர் விரைவில் வற்றி, எஞ்சும் பொடி வெப்பத்தைத் தடுக்கத்தான் செய்யும்.

கேள்வி: உள்ளே சேரும் தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சலாமா?

பதில்: வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும் வாய்ப்பு உண்டு. கணினியை முழுதாக அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, காற்று ஊதும் கருவியால் அல்லது மென்மையான தூரிகையால் எடுங்கள். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள். காற்றின் விசையில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். கூலரின் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையில் பஞ்சுப் படலம்போலத் தூசி அடைந்திருக்கும். விசிறியைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும்.

கேள்வி: திரவக் கூலருக்கு மாறினால் பிரச்சினை தீருமா?

பதில்: எது பிரச்சினை என்பதைப் பொறுத்தது. திரவக் கூலரிலும் வெப்பம் கடைசியில் ரேடியேட்டர் வழியாக அதே அறைக் காற்றில்தான் போய்ச் சேர்கிறது. பரப்பு பெரிது, இடம் வேறு, அவ்வளவுதான். சாதாரணக் கோபுர வடிவக் கூலரிலும் திரவம் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதன் செம்புக் குழாய்கள் வெற்றிடமாக்கப்பட்டு, உள்ளே சிறிதளவு நீர் விட்டு மூடப்பட்டவை. பிராசசர் பக்கம் அந்த நீர் ஆவியாகிறது, தகடுகளின் பக்கம் போய்க் குளிர்ந்து மீண்டும் நீராகிறது, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே திரும்பி வருகிறது. பம்ப் இல்லை, பழுதாகும் பாகம் விசிறி ஒன்றுதான். 65 வாட் வகுப்புப் பிராசசருக்கு 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள நல்ல கோபுரக் கூலர் தாராளமாகப் போதும்.

இருநூறு வாட்டுக்குமேல் தொடர்ந்து இழுக்கும் பிராசசருக்கு 280 அல்லது 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பொருத்துவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் பொருத்தினால், ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே கொஞ்சம் காற்று சேரும். அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் பம்ப்பாக இருந்தால் முதலில் சலசலப்பும் பிறகு பழுதும் வரும். நீர் சூடேற நேரம் எடுக்கும் என்பதால், ஐந்து நிமிடச் சோதனையில் கிடைத்த எண்ணை நம்பிவிடாமல் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எதையும் வாங்காமல், அமைப்புகளை மாற்றியே சூட்டைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், பலர் கடைசியில் நினைத்துப் பார்க்கும் இதை முதலில் செய்துபார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிராசசர் இழுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை அப்படியே வைத்து வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால், மின்திறனில் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டுவதற்குத்தான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறுகிறது. அதை விட்டுக்கொடுத்தால் இழப்பு சிறிது, குளிர்ச்சி பெரிது.

இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசரின் அடிப்படை மின்திறன் 125 வாட். உச்சத்தில் அது 253 வாட் வரை போகலாம். சில மதர்போர்டுகள் அந்த உச்சத்தையும் நீக்கிவிட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்திருக்கின்றன. பயாஸில் மின்திறன் வரம்பைத் தேடி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கோ அதற்குக் கீழேயோ வையுங்கள். ரைசன் பயனாளர்களுக்கு ஈகோ மோட் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. வோல்டேஜைக் குறைப்பதாக இருந்தால் சிறு சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் சுமை கொடுத்துப் பாருங்கள். கணினி உறைந்துபோனால் ஒரு படி திரும்பி வாருங்கள். மின்திறன் வரம்பைக் குறைப்பதில் அந்தத் தொல்லைகூட இல்லை.

இங்கே வோல்டேஜைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் பலவற்றில் நிலையின்மை தோன்றியபோது, பிராசசருக்குள் இயங்கும் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடில் இருந்த பிழையால் பிராசசர் தேவைக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதே அதற்கு முக்கியக் காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்து, திருத்தத்தை பயாஸ் அப்டேட்டாக வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் வெப்பநிலை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பயாஸை அவசியம் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: விளையாடிக்கொண்டிருக்கும்போது கணினி எந்த எச்சரிக்கையுமின்றி அணைந்துவிடுகிறது. சூடுதான் காரணமா?

பதில்: இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல ஒரு சான்று வேண்டும். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் அளவீடுகளை நொடிக்கு நொடி கோப்பில் எழுதிவைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு விளையாடுங்கள். கணினி அணைந்து மீண்டும் ஏறியதும் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். பிராசசர் பல நிமிடங்கள் வரம்பிலேயே நின்று, வேகம் சரிந்து, அதன்பின் அணைந்திருந்தால் கூலரைக் கவனியுங்கள்: விசிறியின் இணைப்பு மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று குறித்த இடத்தில்தான் இருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, கூலர் ஆடுகிறதா. கடைசி வரியிலும் பிராசசர் 65, 70 என்றே இருந்தால் குற்றவாளி அது அல்ல. பவர் சப்ளையையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சோதியுங்கள். அந்தக் கடைசி இருபது வரிகளையும், பிராசசர் மாடலையும், அன்றைய அறை வெப்பநிலையையும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் விரிவாகப் பார்க்கலாம்.